மாகாண அமைச்சர் ஒருவரின் பதவிநீக்க வழக்கைப் படிப்பது எப்படி: வட மாகாண சபையும் சட்டத்தரணி டெனீஸ்வரனும்

இலங்கையின் வட மாகாண சபையின் முதலாவது அமைச்சர் வாரியத்தில் மீன்பிடி, போக்குவரத்து, வீதி அபிவிருத்தி, கிராம அபிவிருத்தி, வர்த்தக வாணிபம் முதலிய துறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த சட்டத்தரணி பா. டெனீஸ்வரன். 2017 ஆகஸ்ட்டில் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் அவரைப் பதவியிலிருந்து நீக்கியதாக அறிவித்தார். அந்த நீக்கம் சட்டத்துக்கு முரணானது என்று டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். 2018 ஜூன் 29 அன்று இடைக்காலத் தடை உத்தரவு கிடைத்தது. 2019 ஆகஸ்ட்டில், மாகாண அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த விவகாரம் பெரும்பாலும் இரு ஆளுமைகளுக்கு இடையிலான மோதலாகவும், சபையை ஆண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குள் எழுந்த பிளவின் ஓர் அத்தியாயமாகவுமே எழுதப்பட்டது. என் பார்வையில் அது மாகாண சபை முறைமையைக் கற்க விரும்பும் எவரும் தவறவிடக் கூடாத ஒரு பாடம். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பவர்கள், சட்டக் கல்வியைத் தொடங்கியிருப்பவர்கள், மாகாண நிருவாகம் பற்றி எழுத வேண்டியிருக்கும் பிரதேசச் செய்தியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, இத்தகைய வழக்கொன்றை எந்த ஒழுங்கில் படிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். வேறு மாகாணத்தில் வேறு அமைச்சர் பற்றிய பிணக்கு எழுந்தாலும் இதே வழி பயன்படும்.

முதலில் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு பதவிநீக்கத்தைச் சுற்றி எப்போதும் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கிளம்பும். அமைச்சர் தவறு செய்தாரா என்பது ஒன்று. முதலமைச்சருக்கு அவர்மீது நம்பிக்கை எஞ்சியிருந்ததா என்பது மற்றொன்று. அவரை நீக்கும் அதிகாரம் சட்டப்படி யாரிடம் இருந்தது என்பது மூன்றாவது. தாளில் இவற்றைத் தனித்தனியாக எழுதிக்கொண்டு, கிடைக்கும் ஒவ்வொரு செய்தியையும் ஆவணத்தையும் அவற்றில் எதற்கு உரியதோ அதன்கீழ் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் படிக்கத் தொடங்குபவர் பாதி வழியில் ஏதாவதொரு தரப்புக்கு வழக்குரைக்கத் தொடங்கிவிடுவார்.

டெனீஸ்வரன் விடயத்தில் முதற் கேள்விக்குரிய பொருள் இதுதான்: மாகாண அமைச்சர்கள் மீது எழுந்த குற்றச்சாட்டுகளை ஆராய முதலமைச்சர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அக்குழு அமைச்சர்கள் இருவர்மீது குறை கண்டது. சுகாதார அமைச்சர் ப. சத்தியலிங்கம், டெனீஸ்வரன் ஆகிய மற்ற இருவர்மீதான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை. 2017 ஜூனில் முதலமைச்சர் முதலிருவரையும் பதவி விலகுமாறு கோரினார்; மற்ற இருவரும் புதிய விசாரணை முடியும்வரை விடுப்பில் இருக்க வேண்டும் என்றார். அதையடுத்து முதலமைச்சருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை ஒன்று ஆளுநர் ரெஜினோல்ட் குரேயிடம் கையளிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. இவையெல்லாம் முதலிரண்டு கேள்விகளுக்குரியவை. நீதிமன்றத்தின் முன் நின்றது மூன்றாவது கேள்வி. டெனீஸ்வரன் நல்ல அமைச்சரா என்று நீதிமன்றத்திடம் எவரும் கேட்கவில்லை, நீதிமன்றமும் அதற்கு விடை சொல்லவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டால் தீர்ப்பைப் பிழையாக மேற்கோள் காட்டும் ஆபத்து நீங்கும்.

உறுப்புரையை வரிக்கு வரி வாசியுங்கள்

அடுத்து வேண்டியது அரசியலமைப்பின் பிரதி. 1987 நவம்பர் 14 அன்று சான்றுரைக்கப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் அரசியலமைப்பில் மாகாண சபைகளுக்கான அத்தியாயத்தைச் சேர்த்தது. 154ஆம் உறுப்புரைக்குப் பின்வரும் உறுப்புரைகள் தமிழ்ப் பிரதியில் 154அ, 154ஆ என்று உயிரெழுத்து வரிசையில் செல்கின்றன. அமைச்சர் வாரியத்துக்குரியது 154ஊ. ஆங்கிலப் பிரதியில் அதுவே 154எஃப். அத்துடன் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விடை முழுவதும் இந்த ஓர் உறுப்புரையைச் சுற்றியே இருக்கிறது.

அதன் முதலாம் பந்தி, முதலமைச்சரைத் தலைவராகவும் மேலும் நால்வருக்கு மேற்படாத அமைச்சர்களையும் கொண்ட ஒரு வாரியம் ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்க இருக்க வேண்டும் என்கிறது. தமது தற்றுணிபின்படி, அதாவது சொந்தத் தீர்மானப்படி, செய்ய வேண்டியவை நீங்கலாக மற்றவற்றில் ஆளுநர் அந்த ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்றும் அதே பந்தி சொல்கிறது. நான்காம் பந்தி முதலமைச்சரின் நியமனத்தைப் பற்றியது: சபையின் பெரும்பான்மை ஆதரவைப் பெறக்கூடியவர் என்று ஆளுநர் கருதும் உறுப்பினரை அவர் நியமிப்பார், ஒரே கட்சியினர் பாதிக்கு மேற்பட்டிருப்பின் அக்கட்சியின் சபைத் தலைவரையே நியமிக்க வேண்டும். ஆறாம் பந்தியின்படி வாரியம் மாகாண சபைக்குக் கூட்டாகப் பொறுப்புச் சொல்ல வேண்டும்.

நமக்கு முக்கியமானது ஐந்தாம் பந்தி. ஆளுநர், முதலமைச்சரின் ஆலோசனையின் பேரில், சபை உறுப்பினர்களிலிருந்து மற்றைய அமைச்சர்களை நியமிப்பார். அந்தப் பந்தி அவ்வளவுதான். இதை வாசிக்கும்போது வினைச்சொல் யாருக்கு உரியது என்று பாருங்கள். நியமிப்பவர் ஆளுநர், ஆலோசனை சொல்பவர் முதலமைச்சர். ஆலோசனை கட்டுப்படுத்தும் தன்மை கொண்டதாக இருக்கலாம், ஆளுநர் அதை மறுக்க இடமில்லாமலும் இருக்கலாம். அப்போதும் நியமனம் என்ற சட்டச் செயல் ஆளுநரின் கையொப்பத்தால்தான் நிறைவேறுகிறது. பிறகு முழு உறுப்புரையையும் மீண்டும் வாசித்து, நீக்கம் பற்றிய சொல் எங்காவது உண்டா என்று தேடுங்கள். இல்லை. இந்த மௌனத்திலிருந்துதான் வழக்குப் பிறந்தது.

சட்டம் பேசாத இடத்தில் அதிகாரம் யாருக்குப் போகும் என்பதற்குப் பொருள்கோடல் விதி (சட்டத்துக்குப் பொருள் காணும் விதி) ஒன்று உண்டு: நியமிக்கும் அதிகாரம் யாருக்கு அளிக்கப்பட்டிருக்கிறதோ, வேறுவிதமாகச் சொல்லப்பட்டாலன்றி, நீக்கும் அதிகாரமும் அவருக்கே உரியது. இலங்கையின் பொருள்கோடல் கட்டளைச் சட்டம் இந்த விதியை எழுத்திலேயே கொண்டுள்ளது. இதன்படி நீக்கமும் ஆளுநர் வழியாகவே நடந்தாக வேண்டும். முதலமைச்சர் தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலுவோடு எழுதிப் பார்க்க வேண்டும். தம் அமைச்சர்களைத் தெரிவு செய்பவர் முதலமைச்சர். சபைக்கு முன் கூட்டுப் பொறுப்பைச் சுமப்பவரும் அவரே. தாம் நம்பாத ஒருவரோடு அவர் எவ்வாறு வாரியம் நடத்துவது? இது இலேசான வாதமல்ல, அதிகாரப் பகிர்வை விரும்பும் எவரும் அதன் நியாயத்தை உணர்வர். ஆனால் அந்த நியாயம், ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் உரிமையை நிறுவுமே தவிர, ஆளுநரைத் தாண்டிக் கடிதம் கொடுக்கும் அதிகாரத்தை நிறுவாது என்றே நான் கருதுகிறேன்.

அயல் ஏற்பாடுகளோடு ஒப்பிடுங்கள்

மௌனத்தின் பொருளை அறிய மிகச் சிறந்த வழி, அதே விடயத்தில் பேசியிருக்கும் ஏற்பாடுகளைப் பக்கத்தில் வைப்பது. மத்திய அரசாங்கத்தின் அமைச்சர்களைப் பற்றி, பத்தொன்பதாவது திருத்தத்தின் பின் இருந்த 46ஆம் உறுப்புரை, பிரதமரின் ஆலோசனையின் பேரில் சனாதிபதியின் கைப்பட நீக்கப்பட்டால், அல்லது பதவி துறந்தால், அல்லது பாராளுமன்ற உறுப்பினராக இல்லாது போனால் அமைச்சர் பதவி இழப்பார் என்று வெளிப்படையாகக் கூறியது. மாகாண ஆளுநரைப் பற்றிய 154ஆ, அவர் சனாதிபதி விரும்பும்வரை பதவி வகிப்பார் என்கிறது. இந்திய அரசியலமைப்பின் 164ஆம் உறுப்புரையும் மாநில அமைச்சர்கள் ஆளுநரின் விருப்பம் நீடிக்கும்வரை பதவி வகிப்பர் என்று சொல்கிறது. பதின்மூன்றாவது திருத்தம் இந்தியாவுடன் 1987 ஜூலையில் செய்த உடன்படிக்கையின் தொடர்ச்சியாக வந்தது என்பதால் இந்த ஒப்பீடு வெறும் அலங்காரமல்ல: முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் நியமிப்பார் என்ற பகுதி இரண்டிலும் ஒத்திருக்கிறது, விருப்பம் நீடிக்கும்வரை என்ற பகுதி மட்டும் 154ஊ இல் காணப்படவில்லை.

கடிதங்களைத் தேடுங்கள்

சட்டத்தைப் படித்த பின்னரே நிகழ்வுகளுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் ஒரு கடிதம் இருக்கும், சிலவற்றுக்கு வர்த்தமானி அறிவித்தலும் இருக்கும். அதை எடுத்து நான்கு விடயங்களைப் பாருங்கள்: யாருடைய அலுவலகத் தலைப்பில் இருக்கிறது, எந்த உறுப்புரையின்கீழ் எழுதப்பட்டதாகச் சொல்கிறது, யார் கையொப்பமிட்டிருக்கிறார், எந்தத் திகதியிலிருந்து செயற்படும். ஆளுநர் செயலகத்தின் தலைப்பில் வர வேண்டிய ஒன்று முதலமைச்சர் அலுவலகத்தின் தலைப்பில் மட்டும் வந்திருந்தால், கேள்வி எழும் இடம் அதுதான். கடிதம் கிடைக்காவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாகாணப் பிரதம செயலாளர் அலுவலகத்திடமோ ஆளுநர் செயலகத்திடமோ விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மாகாண நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பதவிப் பிரமாணம் யார் முன்னிலையில் செய்யப்பட்டதோ அவரே நியமித்தவர் என்று நினைத்துவிடுவார்கள். விக்னேஸ்வரன் 2013 அக்டோபர் 7 அன்று சனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்னிலையில் சத்தியப்பிரமாணம் செய்தார். ஆனால் 154ஊ இன்படி முதலமைச்சரை நியமிப்பவர் மாகாண ஆளுநர். அப்போதைய ஆளுநர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி. பிரமாண நிகழ்வின் ஒளிப்படத்தை ஆதாரமாகக் கொண்டு நியமன அதிகாரத்தைத் தீர்மானிக்க முயல வேண்டாம்.

காலவரிசையையும் இப்போதே அமைத்துக்கொள்ளுங்கள். 2013 செப்டெம்பர் 21 அன்று தேர்தல். 38 உறுப்பினர்கள் கொண்ட சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இரண்டு மேலதிக ஆசனங்கள் உட்பட 30. 2013 அக்டோபர் 25 அன்று கைதடியில் முதல் அமர்வு. ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. இந்தத் திகதிகளை வழக்கின் திகதிகளோடு அடுக்கிப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும்: இறுதித் தீர்ப்பு வந்தபோது டெனீஸ்வரன் திரும்பிச் செல்வதற்கு அமைச்சும் இல்லை, சபையும் இல்லை.

அந்த அமைச்சுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

அமைச்சரின் துறைப் பெயர்களைப் பட்டியலிட்டுவிட்டு நகர்வது போதாது. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண சபை நிரல், மத்திய அரசாங்கத்துக்கான ஒதுக்கிய நிரல், இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிய நிரல் என மூன்று உண்டு. ஒவ்வொரு துறையும் எந்த நிரலில் விழுகிறது என்று பார்த்தால்தான் அமைச்சரால் எதைச் செய்ய முடிந்திருக்கும் என்று தெரியும்.

டெனீஸ்வரனிடம் இருந்த போக்குவரத்துத் துறையை எடுத்துக்கொள்வோம். மாகாணத்துக்குள் நடக்கும் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவது மாகாண சபை நிரலில் உள்ளது. ஆகவே மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துகளின் வழித்தட அனுமதிப்பத்திரம் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையிடம் பெறப்படுகிறது. ஆனால் மாகாணங்களுக்கு இடையே ஓடும் தனியார் பேருந்துக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சிவப்பு நிற இ.போ.ச. பேருந்தோ மத்திய அரசாங்கத்தின் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குச் சொந்தமானது. ஒரே நிலையத்தில், ஒரே யாழ்ப்பாண வழித்தடத்துக்கு அடுத்தடுத்து நிற்கும் மூன்று பேருந்துகள் மூன்று வெவ்வேறு அதிகாரங்களின்கீழ் ஓடக்கூடும். வவுனியா புதிய பேருந்து நிலையத்தை இ.போ.ச. பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது, இணைந்த நேர அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று எழுந்த பிணக்கு ஏன் அவ்வளவு இழுபட்டது என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. மாகாண அமைச்சரால் ஒரு தரப்புக்கு உத்தரவிட முடியும். மறு தரப்போடு அவர் பேச மட்டுமே முடியும்.

மீன்பிடி இன்னும் சிக்கலானது. ஆட்புலக் கடலுக்கு (நாட்டின் இறைமைக்குட்பட்ட கரையோரக் கடலுக்கு) அப்பாலான மீன்பிடி நீங்கலாக, மீன்பிடி ஒருங்கிய நிரலில் இருக்கிறது. அதாவது பாராளுமன்றமும் மாகாண சபையும் இரண்டும் சட்டமியற்றலாம், ஒன்றையொன்று கலந்தாலோசிக்க வேண்டும். மன்னார் மீனவர்களின் பெருந்துயரம் தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள். அதைப் பற்றி மாகாண மீன்பிடி அமைச்சர் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் கடற்படை, வெளிவிவகாரம், எல்லை ஆகிய யாவும் கொழும்பின் கையில். இழுவை மடித் தொழிலைத் தடைசெய்ததும் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகப் பாராளுமன்றத்திலேயே நிறைவேறியது. வீதி, கிராம அபிவிருத்தி ஆகியவற்றில் மாகாணத்தின் இடம் ஓரளவு தெளிவானது. தேசிய நெடுஞ்சாலைகள் மட்டும் அதற்கு வெளியே நிற்கின்றன.

இவ்வளவுக்கும் மேலாக 154இ உறுப்புரை, மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநரே நேரடியாகவோ அமைச்சர்கள் ஊடாகவோ அலுவலர்கள் ஊடாகவோ பிரயோகிப்பார் என்கிறது. சபை நிறைவேற்றும் நியதிச்சட்டத்துக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். மாகாண அமைச்சரின் பதவி ஆளுநரின் பெயரில் இயங்கும் பதவி என்பதை இந்த உறுப்புரையோடு சேர்த்து வாசித்தால்தான் 154ஊ(5) இன் பொருள் முழுமையாக விளங்கும். மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபைக்கு மேல் கொழும்பு நியமித்த ஒருவரை இவ்விதம் இருத்தியிருப்பது பதின்மூன்றாவது திருத்தத்தின் ஆழமான குறைபாடு என்பதே என் உறுதியான கருத்து. அந்தக் குறைபாட்டை நீக்கும் வழி திருத்தத்தைத் திருத்துவதுதான். இருக்கின்ற சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை ஒருவர் எடுத்துக்கொள்வதால் அது நீங்காது.

நீதிமன்ற உத்தரவுகளை வாசிக்கும் முறை

டெனீஸ்வரன் தாக்கல் செய்தது எழுத்தாணை மனு, தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ரிட் மனு. 140ஆம் உறுப்புரை இந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. எழுத்தாணை வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது, முடிவெடுத்தவருக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் இருந்ததா, உரிய நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பவற்றையே; முடிவு சாதுரியமானதா என்பதை அல்ல.

இடைக்கால உத்தரவையும் இறுதித் தீர்ப்பையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 2018 ஜூன் உத்தரவு, வழக்கு முடியும்வரை நீக்கத்தின் செயற்பாட்டை நிறுத்திவைத்தது. அதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். வாரியத்தில் முதலமைச்சர் நீங்கலாக நால்வருக்கு மேல் இருக்க முடியாது. டெனீஸ்வரன் நீக்கப்பட்டதாகக் கருதி நான்கு இடங்களும் நிரப்பப்பட்டிருந்தன. நீக்கம் இடைநிறுத்தப்பட்டதும் அவர் சட்டப்படி அமைச்சராகிறார், ஆக ஐவர். யாரை விலக்குவது, அதை யார் செய்வது? முதலமைச்சர் ஆளுநரைப் பார்க்க, ஆளுநர் முதலமைச்சரின் ஆலோசனையைக் கேட்க, சபையின் கடைசி மாதங்கள் இந்த இழுபறியில் கரைந்தன. நீதிமன்ற அவமதிப்பு மனுவும் தொடுக்கப்பட்டது. இடைக்கால உத்தரவு ஒன்றைப் படிக்கும் மாணவர், அது நடைமுறையில் யாரை என்ன செய்யக் கட்டாயப்படுத்துகிறது என்று இவ்வாறு எண்ணிக்கை வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

இறுதித் தீர்ப்பை வாசிக்கும்போது முதலில் கடைசிப் பக்கத்துக்குச் சென்று, மனுவில் கோரப்பட்ட நிவாரணங்களில் எவை வழங்கப்பட்டன என்று பாருங்கள். பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி, அந்த முடிவுக்கு இன்றியமையாத காரணங்களை அடிக்கோடிடுங்கள். வழியில் சொல்லப்பட்ட மற்றக் கருத்துகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். மேற்கோள் காட்டும்போது இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

எழுதும்போது

ஒரு தரப்பில் நிற்பவர் சட்டத்தரணி. மறு தரப்பில் நிற்பவர் உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர். இதனால் எழுதுபவருக்கு ஒரு சபலம் வரும்: யாருக்குச் சட்டம் அதிகம் தெரியும் என்ற போட்டியாக இதைச் சித்திரிப்பது. அதைத் தவிருங்கள். டெனீஸ்வரனின் சட்டப் பின்னணியில் உண்மையிலேயே குறிப்பிடத்தக்கது, கட்சிக்குள் முடித்துக்கொள்ளப்படும் என்று பலரும் எதிர்பார்த்த ஒரு விடயத்தை அவர் எழுத்தாணை மனுவாக மாற்றினார் என்பதே. அவர் கூட்டமைப்பின் பங்காளிக் கட்சியான டெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்) சார்பில் கூட்டமைப்புப் பட்டியலில் தெரிவானவர். அந்த நேரத்தில் தம் கட்சியோடும் அவருக்கு முரண்பாடு இருந்தது. அப்படியிருந்தும் வழக்கு நடந்ததால்தான் 154ஊ(5) க்கு நீதிமன்ற விளக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது.

நீக்கினார், நீக்கப்பட்டார், பதவி விலகினார், பதவி விலகுமாறு கோரப்பட்டார் ஆகியவை நான்கு வெவ்வேறு சட்ட நிலைகள். தலைப்பில் இடமில்லை என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடாதீர்கள். டெனீஸ்வரன் பதவி விலகவில்லை, சத்தியலிங்கம் விலகினார். தீர்ப்புக்குப் பிறகு எழுதுபவர், 2017 ஆகஸ்ட் நிகழ்வை 'நீக்கியதாக முதலமைச்சர் அறிவித்தார்' என்று எழுதுவதே பொருத்தம், ஏனெனில் சட்டத்தின் பார்வையில் அந்த நீக்கம் செல்லுபடியாகவில்லை.

இறுதியாக, காலத்தைச் சரிபாருங்கள். 2018 அக்டோபரில் கலைந்த வட மாகாண சபைக்கு அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் புதிய எல்லை நிர்ணயத்தைக் கோரியதும் அது பாராளுமன்றத்தில் முடிவுறாமல் நின்றதும் அதற்குக் காரணம். சபை இல்லாதபோது அமைச்சர் வாரியமும் இல்லை, ஆளுநரே அலுவலர்களைக் கொண்டு நிருவாகத்தை நடத்துகிறார். ஆகவே உங்கள் கட்டுரையில் மாகாண அமைச்சரின் அதிகாரம் பற்றி வரும் நிகழ்கால வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அது அரசியலமைப்பு சொல்வதைக் குறிக்கிறதா, இன்று நடப்பதைக் குறிக்கிறதா என்று பார்த்து, இரண்டாவதாக இருந்தால் இறந்த காலத்துக்கு மாற்றிவிடுங்கள்.